முப்பத்தொன்பதாம் பார்

பம்பலப்பிட்டியில், தண்டவாளத்தைப் பார்த்த மேல்மாடி.
செவ்வாய் இரவுகளில் நாங்கள் நால்வர்.
நோரா ஸ்பெல்டவைண்ட் எழுதிய குவார்டெட்,
உப்புக் காற்றில் மை ஊறிய தாள்கள்.

விதி ஒன்றுதான்:
மற்றப் பதினொன்றும் ஒலித்து முடியும்வரை
எந்தச் சுரமும் மறுபடி வாய் திறக்கக்கூடாது.

"கூப்பன் கடை வரிசை" என்றார் தயானந்த, இரண்டாம் வயலின்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
எண்ணிக்கொண்டிருந்தோம்.

என் செலோவுக்கு முதல் பக்கத்தில் நாலே சுரம்.
மிச்சம் மௌனம்; அதற்கும் கணக்குண்டு.
ஆனால் வில் கேட்காது,
ஐந்து மணிக் கந்தோர்க்காரன்
கோட்டை ஸ்டேஷனுக்கு விரைவதுபோல்
சட்ஜத்துக்கே திரும்பப் பார்க்கும்.
பென்சிலால் ஸ்டாண்டைத் தட்டுவாள் நோரா:
"வீடு இல்லை, அரியகுட்டி.
இதில் ஒருவருக்கும் வீடு இல்லை."

அந்த வாரம்தான் கந்தோரில்
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்
ஒரு படிவம் வந்திருந்தது.
புள்ளிக்கோட்டை வைத்து
கையெழுத்துக்கான இடத்தைக் கண்டுபிடித்தேன்.
அதை அங்கே நான் சொல்லவில்லை.

முப்பத்தொன்பதாம் பார்.
பத்துச் சுரம் போய்விட்டது.
பதினொன்று வியோலாவுக்கு,
பன்னிரண்டு எனக்கு.
வியோலா ஓய்ந்தது.
மாத்தறை ரயில் ஊதிற்று,
கொஞ்சம் சுருதி தாழ்ந்து,
ஆனாலும் அதே சுரம்,
என்னுடையது.

கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின.
விதிப்படி என் முறை முடிந்துவிட்டது.
வில் அந்தரத்தில் நின்றது.
நோரா நிமிர்ந்து பார்த்தாள்,
பென்சிலைத் தட்டவில்லை.

வாசித்தேன்,
தாளில் மிக மெதுவாக என்றிருந்ததை
அவ்வளவு மெதுவாக அல்ல.