படிக்கட்டின் கீழ்ச் சுவர்

ஸ்டோக்கில் வீடு மலிவு என்றார்கள்.
மலிவுதான்.
மழை கேட்காமலே உள்ளே வரும்.
பின்கதவு உதைத்தால்தான் திறக்கும்,
முன்கதவு உதைத்தாலும் திறக்காது.
இருபத்தைந்து வருடக் கடன்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
பஸ்ஸுக்குக் காத்து நின்றோம்,
வீட்டுக்காரர்களாக.

வருடத்துக்குப் பத்து வீதம் மேலதிகமாகக் கட்டலாம்,
தாண்டினால் அபராதம்:
பொடி எழுத்தில் கிடந்த அந்த வரியைக்
குகனேசன் கண்டுபிடித்த இரவு
புதையல் வரைபடம் கிடைத்தவன்போல்
புரண்டு புரண்டு படுத்தான்.
கடனைக் கெதியாய் அடைத்தாலும் அபராதமா என்றேன்.
நாங்கள் மெல்ல மெல்லச் சாகவேண்டும்
அவர்களுக்கு, என்றான்.

குசினி செஷயரிலிருந்து வந்தது.
யாரோ பணக்காரர் அலுத்துப்போய்க் கழற்றிய அலுமாரிகள்.
எண்பது பவுண், நாங்களே தூக்கவேண்டும்.
எங்கள் சுவரைவிட ஒரு சாண் நீளம்.
அறுத்தோம்.
இன்றைக்கும் லாச்சி பாதிதான் திறக்கும்;
நீளக் கரண்டியை
விரலால் தூண்டில் போட்டுத்தான் எடுக்கவேண்டும்.

பெயின்ட்,
யாரோ கலக்கச் சொல்லி, நிறம் பிடிக்காமல்
கடையிலேயே விட்டுப்போன டப்பாக்கள்.
ஆறு பவுண் ஒன்று.
ஆகவே முன்னறையின் மூன்று சுவர் ஒரு பச்சை,
நாலாவது இன்னொரு பச்சை.
இப்ப இதுதான் ஸ்டைலோ என்பார்கள் வந்தவர்கள்.
ஓம் என்போம்.

எனக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை,
அவனுக்குப் பார்சல் கிடங்கு.
ஓவர்டைம் வந்த கிழமையில்
சுவரும் கை நீட்டும், வங்கியும் கை நீட்டும்.
ஒரு தை மாதம் கத்தினேன்:
ஐந்து குளிர்காலம்
யன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி
தலை காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி இறுக்கி...
எனக்கு யன்னல் வேண்டும்,
உன் வட்டிக் கணக்கு வேண்டாம்.
அவன் வாய் திறக்கவில்லை.
மாசியில் யன்னல் வந்தது.

கணக்கு என்றால்
படிக்கட்டின் கீழ், மின் மீற்றர் மூலையில்,
பூச்சு உதிர்ந்த சுவரில், பென்சிலால்.
எண்பத்தொன்பதாயிரத்தில் தொடங்கி
மாதத்துக்கு ஒரு வரி கீழிறங்கும்.
ஒரு மாசி மட்டும் வெறுமை.

அதே சுவரில் எங்களுக்கு முந்திய கணக்கு ஒன்றும் இருந்தது.
ஐந்து அடுக்கு வோல்பேப்பரை
ஆவி பிடித்து உரித்தபோது அடியில்:
1953, எத்தனை சுருள், எத்தனை ஷில்லிங்.
கூட்டலில் பிழை.
ஒரு ஷில்லிங் குறைய.
குகனேசன் பென்சிலை எடுத்தான், வைத்தான்.
இந்த மனுசன் யாருக்கோ ஒரு ஷில்லிங் விட்டிருக்கிறார்,
நான் ஏன் நடுவில்.

பதினோராம் வருடம், ஐப்பசி.
கடைசித் தொகை கேட்டு ஃபோன் எடுத்தேன்.
நாற்பது நிமிடம் வாத்தியம்.
பிறகு ஷானன் என்றொரு பெண்:
நீங்கள் சொன்னதைவிட
பதினொரு பவுண் நாற்பத்துமூன்று பென்ஸ் கூட,
இன்றுவரைக்குமான வட்டி.
அன்று மீன் வாங்கவில்லை.
கார்டு இலக்கத்தை ஒருமுறை பிழையாகச் சொன்னேன்.
வாழ்த்துகள் என்றாள், வேறேதும் உதவி வேண்டுமா?
வேறென்ன. இல்லை என்றேன்.

வேலையால் வந்தவனிடம் சொன்னேன்.
அப்ப குளியலறை செய்யலாம் என்றான்,
கை கழுவினான்,
படிக்கட்டின் கீழ் போனான்.
நெடுநேரம் வரவில்லை.
அழுகிறான் என்று எட்டிப் பார்த்தால்
பென்சில் தேடிக்கொண்டிருந்தான்.
பிறகு குந்தியிருந்து
ஒரு பூச்சியம் போட்டான்.
சின்னதாய் வந்துவிட்டது,
மேலே இன்னொருமுறை சுற்றினான்.

பூசுவதற்கு ஆள் வந்து பார்த்து
நானூற்றிருபது பவுண் என்றது.
ஆளை அனுப்பிவிட்டு,
அவ்வளவோ, நானே பூசுறன் என்றான்.
கடன் போனாலும் இது போகாது.

இந்தச் சுவரை மட்டும் விடுவமா, கேட்டான்.
பூசு என்றேன்.
அடியில்தானே இருக்கப் போகிறது.
யாரோ ஒருவர், எப்போதோ, உரிக்கட்டும்.
ஷில்லிங் பிழையைக் கண்டுபிடிக்கட்டும்.
எங்கள் பவுண்களைக் கூட்டிப் பார்த்து,
இந்த மாசியில்
இந்தச் சனத்துக்கு என்ன நடந்தது என்று
சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு
கொஞ்சம் யோசிக்கட்டும்.