தன்மை ஒருமை

லைட் ஸ்திரீட், கீழ்நீதிமன்றம், இரண்டாம் அறை.
ஏர்கோன் வழக்கம்போல்
கூண்டுப் பக்கமாகவே ஒழுகுகிறது.

பத்தொன்பது வருடமாக இங்கே
பிறர் சொல்லும் ‘நான்’ எல்லாம் என் வாய் வழியாகத்தான் மலாய்க்குப் போகிறது.
‘அவர் சொல்கிறார்’ என்று தொடங்கக்கூடாது. விதி.
காலையில் திருடியவன் நான்,
பத்து நிமிடத்தில் பறிகொடுத்தவனும் நான்.
மதியம் கேன்டீனில் மீ கோரேங் தின்பது யார் என்று
சில நாள் சந்தேகம் வரும்.

ஏழாவது வழக்கு.
கனகாம்பிகை ஆனாக் பெரெம்புவான் இருளப்பன்,
வயது நாற்பத்து நான்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்.
இன்ன தேதியில், இன்ன பிளாட்டில்,
இருளப்பனை ரப்பர் குழாயால் அடித்துக் காயப்படுத்தியது.

ஒரே தாளில் அந்தப் பெயர் இரண்டு தடவை:
அவள் யார் என்று சொல்ல ஒன்று,
அவள் யாரை அடித்தாள் என்று சொல்ல ஒன்று.
தட்டச்சு செய்தவருக்கு உறுத்தியிருக்காது.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்தாள்.
முன்வரிசை ஓரம் நிறுத்தி, பிரேக் போட்டு,
அவர் வாயைத் துடைத்துவிட்டு
நேராகக் கூண்டில் ஏறி நின்றாள்.
மாஜிஸ்திரேட் ஏதோ கேட்க வந்து கேட்கவில்லை.

“ஒப்புக்கொள்கிறாயா?”
“அடிச்சேன். மூணு நாளா தூக்கமில்ல. மாத்திரையத் துப்பிக்கிட்டே இருந்தாரு.
எங்க சின்ன வயசுல, இவரு கையில அந்தக் குழாய்...”

அங்கேயே விட்டுவிட்டாள்.
மலாயில் நானும் அதே இடத்தில் விட்டேன்.
எனக்கு வார்த்தை மறந்துபோனது என்று நினைத்து
புவான் காத்திருந்தார்.

பிறகு: இது முழு ஒப்புதல் ஆகாது. விசாரணை.
ஜாமீன் இரண்டாயிரம் ரிங்கிட், ஒரு நபர் உத்தரவாதம்.
அதுவரை பாதிக்கப்பட்டவரிடமிருந்து
ஐம்பது மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

ஐம்பது மீட்டர் என்று தமிழில் சொன்னேன்.
அவர்கள் வீடு, வாசலிலிருந்து குசினி வரை, பதினோரு எட்டு இருக்குமா?

“அப்ப ராத்திரி பெம்பர்ஸ் யாரு மாத்துறது?”

அவள் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.
ஆனாலும் கூண்டில் சொன்னது சொன்னதுதான்.
‘இரவில் நான் மாற்றாவிட்டால் யார்?’ என்று
அரசாங்க மொழியில் நான் கேட்டேன்.
நலத்துறைப் பெண் கோப்பைப் புரட்டினாள்.
புவான் பேனாவை மூடினார், திறந்தார்,
சட்டத்தில் அதற்கு உட்பிரிவு இருப்பதுபோல.

“கனகு, பஸ்ஸு வந்துருச்சா?” என்றார் இருளப்பன்.
அது பதிவில் ஏறாது. பெயர்க்கத் தேவையில்லை.
என் நாக்கு பாதி தூரம் போய்த் திரும்பியது.

எட்டாவது வழக்கைக் கூப்பிட்டார்கள்.
நாற்காலியை நகர்த்த முடியாமல்
இளம் போலீஸ்காரன் அஸ்மிர் குனிந்து தேடிக்கொண்டிருந்தான்.
கூண்டிலிருந்து இறங்கும் வழியில் அவள் சொன்னாள்:
“எடது பக்கம் லேசா தூக்கி, அப்புறம் கீழ அமுக்கணும். அது கோணிக்கிச்சு.”

சொன்னேன்.
சக்கரம் உருண்டது.