கொண்டைக்கள்ளி

மீன் அனுப்பும் தெர்மாக்கோல் பெட்டியில்
நாலு ஓட்டை போட்டு
ஓட்டுச்சில்லும் அடுப்புக்கரியும் நிரப்பி
மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன்.
இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல்.
ஐஸ் பிளாண்டில் இரவு ஷிப்ட் முடிந்து வந்தால்
முதலில் இது, பிறகுதான் டீ.

பாம்பனில் சீனி சுல்தான்
பவளக்கள்ளி என்று சொல்லி விற்றார்.
நான் கொண்டைக்கள்ளி என்கிறேன்.
மற்ற செடிக்கு நுனி ஒரு புள்ளி.
இதற்கு என்றோ ஒருநாள்
அந்தப் புள்ளி கோடாகிவிட்டது.
ஏன் என்று கேட்டேன்.
பூச்சி கடித்திருக்கும், வெயில் தாக்கியிருக்கும்,
இல்லையென்றால் சும்மா, என்றார்.
சும்மா என்ற காரணம் எனக்குப் பிடித்திருந்தது.

உயர வேண்டியது அகலத்தில் ஓடி
இடம் போதாமல் மடிந்து மடிந்து
நீந்தும்போதே நின்றுபோன
திருக்கைச் செட்டை மாதிரி இருக்கிறது.
ஓரத்தில் ரோஸ். நடுவில் வெள்ளை.
பச்சை அங்கங்கே,
கணக்கு நோட்டில் பேனா கசிந்தது போல.

குழாயில் வருவது உப்பு.
அதனால் உடைந்த ஐஸ் பாளத்தைத்
தூக்குவாளியில் கொண்டு வருகிறேன்.
உருகி, குளிர் விட்டபின்
அரைக் குவளை.
பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை.
முதல் செடிக்குப் பாசத்தில் தினம் ஊற்றினேன்.
வேர் கூழாகி, ஒரு வியாழக்கிழமை
விரல் பட்டதும் சாய்ந்தது.

இரண்டாவதை நானே ஒட்டினேன்.
கீழே வேலியோரத்து இலைக்கள்ளி.
தலையைச் சீவி, பாலைத் துடைத்து,
மேலே இதை அமர்த்தி ரப்பர் பேண்ட் போட்டேன்.
பால் தெறித்து ஒரு கண் இரண்டு நாள் திறக்கவில்லை.
நர்ஸ் கழுவிக்கொண்டே கேட்டாள்:
ஆடு தின்னாத கள்ளிக்கா இந்தப் பாடு?

வெள்ளைக்குச் சமைக்கத் தெரியாது.
வெயிலில் நாள் முழுக்க நின்றாலும்
ஒரு கவளம் ஆக்காது.
கீழே இருப்பவன் ஆக்கி அனுப்ப,
மேலே இது அழகாக இருக்கிறது.
கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்
ஒன்பதாயிரம் தருகிறேன் என்கிறார்.
பச்சை திரும்பாது என்று எழுதித்தர வேண்டுமாம்.

திரும்பிவிட்டது.
கொண்டையின் இடது மடிப்பில்
நேராக, கொழுத்து, முழுப் பச்சையாக ஒரு விரல்.
விட்டால் மொத்தத்தையும் தின்றுவிடும்,
உடனே வெட்டுங்கள் என்றார் சுல்தான்.
பிளேடை ஸ்பிரிட்டில் நனைத்து வைத்தேன்.

அன்று பார்த்து நம்புசேகரன் வந்தார், நாத்தனார் புருஷன்.
முயல்தீவுப் பக்கம் முங்கி
பவளம் எண்ணுகிறவர்களுக்கு டேப் பிடிக்கிறார்.
மே மாசக் கடல் வெந்நீராய் இருக்கிறது என்றார்.
சோறு வைத்தேன், பாதியில் எழுந்தார்.
கை கழுவ மாடிக்கு வந்தவர்
பெட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கீழேயும் இப்படித்தான், மதினி.
போன மாசம் பழுப்பு. இப்ப வெள்ளை.
உள்ளே குடியிருந்து சோறு போட்டதெல்லாம்
சூடு தாங்காமல் வெளியே போயிருச்சு.
செத்துட்டதா என்றேன்.
இல்லை. பசியில நிக்குது.
பார்க்க நல்லாத்தான் இருக்கு, அதுதான்...
முடிக்கவில்லை.

எங்கள் சுற்றுச்சுவர் பவளக்கல்.
துணி உலர்த்தும்போது தினம் தொடுவதுதான்,
நட்சத்திரம் நட்சத்திரமாய்க் குழி.
அவர் அதில் கை வைத்தபடி கேட்டார்:
அதுக்கு அடியில வேற எதையாச்சும்
ஒட்டிவிட முடியாதா, இது மாதிரி?
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் போனபின் பிளேடை எடுத்தேன்.
பச்சை விரலின் அடியில் வைத்தேன்.
கச்சான் காற்று
பெட்டியைத் தள்ளிப் பார்த்தது.

ஸ்பிரிட் உலர்ந்துவிட்டது.
ஒன்பதாயிரத்துக்கு இன்னும் பதில் போடவில்லை.
நாள் எட்டுதான் ஆகியிருந்தது,
தப்பு என்று தெரியும்,
அரைக் குவளை ஊற்றினேன்.