மூடி

கிசுமு அரங்கில் ஏழு நிமிடம் கொடுத்தார்கள்.
தொழில் தொடங்கியவர் நீங்கள்,
பெண்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள்.

ஒரு வார்த்தையா?
முதல் பெட்டியில் ஐஸ் நண்பகலுக்குள் தண்ணீர்.
நாற்பது கிலோ திலாப்பியா.
அத்தனைக்கும் நானே பணம் கொடுத்து
நானே குழி வெட்டினேன்.
மழைக்காலம் முடியும்வரை
காரில் அந்த நாற்றம்.
பிறகு காரும் இல்லை.
மெக்கானிக்கிடம் இருக்கிறது என்று
பதினோரு பேரிடம் சொன்னேன்,
அவர்கள் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது.

வங்கியில், கணவர் கையெழுத்து எங்கே என்றார்கள்.
தம்பி போட்டான்.
இன்றும் கிறிஸ்துமஸ் விருந்தில்
"நம்ம கம்பெனி" என்கிறான்
கோழித்தொடையைக் கடித்தபடி.

நெக்கேசா மூன்றாம் ஆண்டில் போனாள்,
இரண்டு பொறியாளர்களையும் கூட்டிக்கொண்டு.
கம்ப்ரஸர் நின்றால்
இப்போதும் அவளைத்தான் கூப்பிடுகிறேன்.
எடுக்கிறாள். திட்டுகிறாள். சரியாகச் சொல்கிறாள்.

துங்கா கரையில் மீன் விற்கும் அகுமு
என் செயலியை ஒரு விரலால் தள்ளிவிட்டுக் கேட்டாள்:
"இதெல்லாம் இருக்கட்டும்.
மூடி ஏன் மூட மாட்டேங்குது?"

மைக்கைப் பிடித்து அதையே சொன்னேன்:
மூடி மூடுகிறதா, பாருங்கள்.

ஒரு கணம் அமைதி. பிறகு கைதட்டல்.
உருவகம் என்று நினைத்துக் குறித்துக்கொண்டார்கள்.
நான் ரப்பர் பட்டையைச் சொன்னேன்.

கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்தாள்,
நகக்கண்ணில் கிரீஸ்:
"எத்தனை மில்லிமீட்டர்?"

எட்டு என்றேன்.

"பன்னிரண்டு போட்டிருக்கணும்" என்றாள்.

மணி அடித்தார்கள்.
மேடையைவிட்டு இறங்கி
அவள் பக்கமாக நடந்தேன்.