நான்கு மாதச் சம்பளம்

மர ஆலை மூடிய வாரம்
கையில் காசில்லை என்று முதலாளி கவ்ரிலா
தகரக் கொட்டகையின் பின்பக்கம் கைகாட்டினான்.
இடுப்பளவு காஞ்சொறி, நடுவே ஒரு ஆரோ ஜீப்.
"எடுத்துக்கொள் தோடோசியா,
மே முதல் ஆகஸ்ட் வரை கணக்குத் தீர்ந்தது."

பதினேழு வருடம் அசையாத வண்டி.
நிறம் பச்சை என்கிறது பதிவுப் புத்தகம்,
பாசியும் பச்சைதானே, பொய்யில்லை.
கூரைத்துணி கிழிந்து மழை உள்ளே குடியிருந்தது.
ஓட்டுநர் இருக்கையில்
முழங்கால் உயரத்துக்கு ஒரு பிர்ச் கன்று,
எனக்கு முன்பே இடம்பிடித்து.

கிடைத்ததைக் கொள் என்றது வயிறு.
கேட்டு வாங்கு என்றது
நான்கு மாதம் பலகை அடுக்கிய முதுகு.

குதிரையை இரவல் வாங்கி இழுத்து வந்தேன்.
வீஷேவு பேருந்து நிறுத்தமே சிரித்தது.
குதிரை சிரிக்கவில்லை.

நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதினேன்:
கையிருப்பு அறுநூறு லெய்.
பேட்டரி, பக்கத்து வீட்டு டிராக்டருடையது.
இரவில் மட்டும், விடியுமுன் திருப்பித் தர வேண்டும்.
ஸ்பார்க் பிளக் நான்கும் புதிது.
அதில் கஞ்சத்தனம் ஆகாது என்றவன் ஒனுஃப்ரியே,
கஞ்சத்தனத்தில் பெயரெடுத்தவன்.
வெல்டிங்குக்கு அவன் கூலி
இரண்டு லிட்டர் பிளம் சாராயம், ஒன்று முன்பணம்.
முன்பணம் குடித்த அன்று வைத்த ஒட்டு
இன்றும் கோணல்.

ஏர் ஃபில்டருக்குள் எலி கட்டிய வீடு.
ஆலையின் சம்பளச் சீட்டுகளைக் கொறித்துக் கொறித்துப்
பஞ்சுமெத்தை ஆக்கியிருந்தது.
ஒரு துண்டில் யாரோ ஒருவரின் பாதிப் பெயர்.
இன்னொன்றில் 'பாக்கி' என்ற சொல்,
பல்படாமல், முழுசாக.

பெட்ரோல் டேங்கில் ஜல்லியைப் போட்டு
முற்றமெங்கும் உருட்டினோம்.
சிவப்புக் கஞ்சியாய் வடிந்தது துரு.
கார்புரேட்டரின் துளைக்கு எந்தக் கம்பியும் பெரிது,
கடைசியில் நுழைந்தது குதிரைவால் மயிர் ஒன்று.
(அதற்கு ஒரு கூடை ஓட்ஸ் கடன்பட்டிருக்கிறேன்.)

இன்ஜின் இறுகிக் கிடந்தது.
டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி
ஒன்பது நாள், காய்ந்த அவரையை ஊறப்போடுவதுபோல்.
பத்தாம் நாள் ஸ்பேனரில் தொங்கினேன்.
ஒரு விரற்கடை நகர்ந்தது.
நகர்ந்தது அதுவா, என் தோள்மூட்டா,
கொஞ்சநேரம் தெரியவில்லை.

பிர்ச் கன்றைப் பிடுங்கி
வேலியோரம் நட்டுவைத்தேன்.
ஏன் என்று ஒனுஃப்ரியே கேட்டான்.
தெரியாது என்றேன்.

பிரேக்குக்கு வரும்போது பணம் தீர்ந்திருந்தது.

நவம்பர், இரவு ஒன்பது மணி.
சாவியைத் திருகினேன். இருமியது.
மறுபடி திருகினேன். காறியது.
பிறகு ஒரு அறை பற்றிக்கொண்டது: மே.
அடுத்தது: ஜூன்.
புகைக்கு நடுவே தடுமாறி ஜூலை.
காதை வைத்துக் காத்திருந்தேன்.
நான்காவது அறை வாய் திறக்கவில்லை.
வால்வு எரிந்துபோயிருக்கும் என்றான் ஒனுஃப்ரியே,
முந்நூறாவது ஆகும்.

மூன்று காலில் நொண்டுகிற வண்டியை
முதல் கியரிலேயே ஓட்டிப் போனேன்,
மேடெல்லாம் ஏறி, கவ்ரிலா வீடு வரை.
வாசலில் நிறுத்தப் பிரேக் ஏது?
அவன் முற்றத்துப் பலகை அடுக்கு நிறுத்தியது,
ஜூலையில் நான் அடுக்கியது.
ஒரு பலகைகூட நழுவவில்லை.
நன்றாகத்தான் அடுக்கியிருக்கிறேன்.

விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளாடையோடு வந்தான்.
பலகையைப் பார்த்தான், பம்பரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"ஓடுகிறதா?" என்றான்.
"மூன்று மாதம் ஓடுகிறது" என்றேன்,
"ஆகஸ்ட் பாக்கி."

இன்ஜினை அணைக்கவில்லை.
பேசி முடிக்கட்டும், அவசரமில்லை.
டிராக்டருக்குப் பேட்டரி
விடியுமுன் போனால் போதும்.