மூவாயிரத்து நானூறு பல்ப்

எங்களிடம் இருப்பது மூவாயிரத்து நானூறு பல்ப்.
அதில் எத்தனை எரியும் என்பது
சிவராத்திரி வந்தால்தான் தெரியும்.

கோணேசர் நகர்வலம் புறப்படுமுன்
கோட்டை வாசலில் ஏணியை நான் பிடிக்க
நசூர்தீன் ஏறுவான்.
கீழே மான்கள் வாழைத் தோரணத்தைத் தின்னும்.
வயரை மட்டும் மணந்து பார்த்துவிட்டு
விலகிப் போகும்.
“அக்கா, இந்த மாலை பெருநாளுக்குப் போனது,
பச்சைத்தாள் இன்னும் ஒட்டிக்கிடக்கு.”
கிடக்கட்டும் என்றேன்.
பொழுதுபட்டு ஜெனரேற்றர் இருமத் தொடங்கினால்
யாருக்குத் தெரியப்போகிறது பச்சை.

கணக்குக் கொப்பி என்னிடம்.
அதில் மாதங்களுக்குப் பெயரில்லை.
‘பத்திரகாளி தேர்’ என்று ஒரு பக்கம்.
‘வெசாக் பந்தல், லயனல், முற்பணம் தந்தது.’
‘மூதூர்க் கந்தூரி, வள்ளத்தில் வயர் நனைந்தது, நட்டம்.’
வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள்
பின்னுக்கு நடந்து வரும் பெருநாளை மட்டும்
பென்சிலால் எழுதுவேன்.

தேர் அசையும் நேரம்
மூங்கில் முனையில் கவட்டை கட்டி
நசூர்தீன் வயரை உயர்த்திப் பிடிப்பான்.
வயருக்கும் தேர்முடிக்கும் ஒரு முழம்.
சனம் அம்மனைப் பார்த்துக் கும்பிடும்.
நான் அந்த ஒரு முழத்தைப் பார்த்துக் கும்பிடுவேன்.

நவராத்திரியில் ஒருமுறை
கும்பம் தெருவுக்கு வந்து ஆடத் தொடங்க
ஊரோடு கரண்ட் போனது,
எங்கள் எஞ்சினும் அன்று பார்த்துப் படுத்தது.
எண்ணெய் தெறித்த கையோடு
நான் கயிறு இழுத்து இழுத்துக் களைக்க
பறைச் சத்தம் ஒரு அடி தவறவில்லை.
கும்பத்து வேப்பிலை இருட்டில் கடந்து போனது,
மணத்தால் தெரிந்தது.
மறுநாள் சபைக்காரர்
இருண்ட ஒரு மணித்தியாலத்துக்குக்
கவனமாய் வாடகை கழித்தார்கள்.

முன்பு மூவாயிரத்து எண்ணூறு இருந்தது.

கரையோர அந்தோனியார் கோயிலுக்கு
நத்தாருக்குக் கட்டினோம் நானூறு.
மூப்பர் இஞ்ஞாசி பாதிக் காசு தந்தார்,
மீதியை மறுநாள் கழற்றும்போது தருவதாய்ச் சொல்லி
ஒரு துண்டு கேக்கைக் கடதாசியில் சுற்றித் தந்தார்.
நாங்கள் ஒன்பது மணிக்கு வருவதாகப் பேச்சு.
கடல் எங்களை முந்திவிட்டது.

மூன்றாம் நாள் போனோம்.
கோயில் முகப்பு நின்றது.
அதன் உச்சி ஆணியில்
ஒரு முழ வயரும் ஒரு ஹோல்டரும்.
அவரைத் தேடியவர்களோடு
நாங்களும் தேடினோம்.
நசூர்தீன் அந்த ஹோல்டரைக் கழற்றவில்லை.
நானும் கேட்கவில்லை.

கொப்பியில் அந்தப் பக்கத்தில்
‘நிலுவை’ என்று இருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு எங்களுக்கு வேலை இல்லை.
விடியுமுன் கடலுக்கு இறங்கும் சனத்துக்கு
யாரும் மாலை பல்ப் கேட்பதில்லை.
ஆறேழு மாதமாய்க் கடலுக்கு முதுகு காட்டியிருந்தவர்களும்
அன்று வந்திருந்தார்கள்,
கணுக்கால்வரை நின்று
திரும்பித் திரும்பிக் கரையைப் பார்த்தபடி.

அரிசி, காய்கறி, எள்ளோடு
நான் வரிசையில் இருந்தேன்.
ஐயர் பெயர் கேட்டார்.
இஞ்ஞாசி என்றேன்.
இன்னொருமுறை கேட்டார், இன்னொருமுறை சொன்னேன்.
என்ன உறவு?
கணக்கு உறவு என்று வாயில் வந்தது,
தெரிந்தவர் என்றேன்.
திதி?
மார்கழிப் பூரணை.
அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.
அன்று காலை முழுவதும்
அவருக்கு அந்த ஒரே திதிதான்.

மேலே தெருவில் ஓட்டோவுக்குள்
நசூர்தீன் மடியில் மாலைகளைக் கொட்டி
ஒவ்வொன்றாய் பற்றரியில் வைத்துப் பார்த்தபடி இருந்தான்.
அடுத்தது மாதாவின் விண்ணேற்பு,
பதினைந்தாம் திகதி.
ஈரச் சேலையோடு பக்கத்தில் ஏறி
நானும் ஒரு நுனியைப் பிடித்தேன்.
“எத்தனை போச்சு?”
“பொறுங்க அக்கா,
எண்ணினதை மறக்கப் பண்ணாதேங்க.”