இடது கால்

மூன்றாம் முறையாக வந்து நிற்கிறது
ரெய்ஸ்தோர்ப்பில் என் பட்டறை வாசலில்
அதே சாம்பல் நிறக் கார்.
முதல் இரண்டு பில்லிலும் நான் எழுதியது:
குறை எதுவும் இல்லை.
அவர் எழுதிக்கொண்டு வந்தது வேறு.
ஹோவிக் போய்வர நாலு லிட்டர் ஆகும், இப்போது ஐந்து.
எண்ணெய் கருகும் வாடை.
எஞ்சின் ஓய்வில்லாமல் முனகுகிறது.
நோயாளியின் கட்டில் காகிதத்தில் எழுதுகிற
நேரான கையெழுத்து.
நொக்குலுங்கா, இரவு வார்டுச் செவிலி.

இரும்புக் கூட்டுக்குள் எதிரெதிராய் இரண்டு விசிறிகள்.
ஒன்றை எஞ்சின் சுற்றும்,
மற்றதை எண்ணெய் சுற்றும்.
தொடாமலே தள்ளுவதற்கு ஒரு விலை உண்டு:
நிமிடத்துக்கு நூற்றைம்பது சுற்று
வெறும் சூடாய்ப் போகும்.
அதனால்தான், வேகம் சீரானதும்
கணினி ஒரு வால்வைத் தட்டும்.
ஒரேயடியாக இல்லை,
பத்து சதவீதம், முப்பது, அறுபது என்று
துடிக்கத் துடிக்கத் திறந்து
க்ளட்ச்சைக் கொண்டுபோய் ஒட்டும்.
லாக்-அப்.
தமிழில் பூட்டு என்றால் கதவுதான் தோன்றுகிறது எனக்கு.
என்னுடையது கோயில் ஹாலில்
வெள்ளிக்கிழமை மாலைகளில் கற்ற தமிழ்.
ஆனால் வண்டியில் மாட்டைப் பூட்டு என்றும் சொல்வார்களாம்.
அப்படியானால் சரி.
இரண்டும் ஒரே நுகத்தில் நடக்கும்.

இரண்டு முறையும் நானே ஓட்டிப் பார்த்தேன்.
டவுன் ஹில் ஏறி, ஹில்டன் மூடுபனி தாண்டி,
எண்பதில் நிதானமாய்ப் போனபோது
லேப்டாப்பில் நழுவல் கோடு
பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.
சமர்த்து வண்டி.

இன்று சொன்னேன், நீங்கள் ஓட்டுங்கள்.

கணினி கேட்கிற கேள்விகள் திரையில் வரிசையாய்:
எண்ணெயின் சூடு, சரி.
வேகம், சரி.
ஆக்ஸிலரேட்டர், ஒரே அளவு.
பிரேக்?
ஆம்.

தொண்ணூறில் போகிற வண்டியில் என்ன பிரேக்?
பின்னால் வரும் கரும்பு லாரி
விளக்கை அடித்து அடித்துத் திட்டுகிறது.
குனிந்தேன்.
ஆட்டோமேட்டிக்கில் வேலையே இல்லாத இடது கால்,
வெள்ளை ஷூவின் நுனி,
மிதிமேல் ஓர் இலை கிடக்கிற பாரத்தில்.

எப்போதிலிருந்து, என்றேன்.
எது என்று அவர் கேட்கவில்லை.
"மார்ச்சிலிருந்து, மிஸ்டர் ஆறுமுகம்.
இங்கேதான். பனி.
ஒருவன் குறுக்கே வந்தான்.
நின்றுவிட்டேன். கையகலம்தான் மிச்சம்.
திரும்பிக்கூடப் பார்க்காமல் புல்லுக்குள் போய்விட்டான்."
பிறகு சீடாரா பலகை வரும்வரை பேச்சில்லை.

பிரேக்கில் கால் பட்டால் பிடியை விடு,
இல்லாவிட்டால் வண்டியோடு எஞ்சினும் நின்றுபோகும்:
அதற்குச் சொல்லிவைத்தது இவ்வளவுதான்.
ஆறு மாதமாய்
இதோ நிறுத்தப்போகிறார், இதோ நிறுத்தப்போகிறார் என்று
நம்பிக்கொண்டே ஓடியிருக்கிறது.
வீட்டில்கூட யாரும் நம்பாததை.

ஸ்விட்ச்சை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தலாம்.
கால் அங்கேயே கிடக்கும், கணினிக்குத் தெரியாது.
ஸ்பேனர் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.
பிரேக் கட்டைகள் தேயும் என்பது ஒரு காரணம்.

சீடாராவைத் தாண்டி
பனி கொஞ்சம் விலகிய இடத்தில்
ஷூ தானாகவே தரைக்கு இறங்கியது.
நான் திரையை மட்டும் பார்த்தேன்.
எழுபது. நாற்பது. பதினைந்து.
பூஜ்யம்.
எஞ்சின் ஒரு படி தணிந்து மூச்சு விட்டது,
அவருக்கும் கேட்டிருக்கும்.
ஒரு கிலோமீட்டர், இன்னும் சற்று.
அடுத்த வளைவில் வெள்ளை மறுபடி திரண்டது,
கோடு எழுந்தது.

பில்லில் எண்ணெய் மாற்றியதை மட்டும் எழுதினேன்.
கூலி என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.
அன்று மாலை என் சொந்தக் காரில் வீடு திரும்பும்போது
இடது காலை எங்கே வைப்பது என்று
வழியெல்லாம் தெரியவில்லை.